கடைசிக் கவளம்

ஓட்ஃப்ரீட் தொலைபேசியில் சுற்றி வளைக்கவில்லை.

"சாயங்காலம் உங்க அண்ணன் ஒரு பிணைமானைச் சுட்டான், இம்கே. தப்பிடுச்சுங்கறான். ஆனா அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கல."

"எப்படி இருந்துச்சு சத்தம்?"

"விலாவுல பட்டா தலகாணிய அடிச்ச மாதிரி தொம்முன்னு கேக்கும்ல? இது டக்குனு கேட்டுச்சு. காஞ்ச குச்சி ஒடிஞ்ச மாதிரி. நான் பக்கத்துப் பரண்லதான் உக்காந்திருந்தேன். காது இன்னும் நல்லாத்தான் இருக்கு, என் பொண்டாட்டி என்ன சொன்னாலும்."

"ஹார்ட்விக் ஏன் எனக்கு போன் பண்ணல?"

"அத அவன்கிட்டயே கேளு."

இம்கே கேட்கவில்லை. சுட்டவன் தப்பிவிட்டது என்று சத்தியமே செய்தாலும் நாயைக் கொண்டுவந்து பார்த்துவிட வேண்டும் என்பது சோலிங் காட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை. அந்த முறையை வருடா வருடம் வேட்டை விருந்து மேசையில் எழுந்து நின்று நினைவூட்டுகிறவனே அவள் அண்ணன்தான்.

வாரநாட்களில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். மற்ற நேரத்தில் அடிபட்ட மான்களைத் தேடினாள். அந்தப் பக்கத்தில் யார் குண்டு கோணலாகப் போனாலும் அவளுக்கும் அவள் நாய் ஆஸ்டாவுக்கும்தான் அழைப்பு வரும். ஆனால் கோணலாகப் போனது என்று சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள். மான் நகர்ந்திருக்கும், காற்று அடித்திருக்கும், கிளை குறுக்கே வந்திருக்கும். சுட்டவனுடைய கையில் மட்டும் ஒருநாளும் பிழை இருந்ததில்லை. அதனால் அவர்கள் சொல்வதை அவள் ஒரு காதால் கேட்பாள், நாய் சொல்வதை இரண்டு காதாலும் கேட்பாள்.

காலையில் அவள் நாயோடு காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஓட்ஃப்ரீட்டும் வந்திருந்தான். ஹார்ட்விக் வண்டியில் சாய்ந்து நின்று காபி குடித்துக்கொண்டிருந்தான். கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். புல்லில் உறைபனி படிந்திருந்தது. குளிருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"வீணா வந்திருக்க," என்றான். "தலைக்கு மேல போயிடுச்சு. நான் பாத்தேன்."

"நல்லது. அப்ப சீக்கிரம் வீட்டுக்குப் போலாம். எங்க நின்னுச்சு?"

மான் நின்ற இடத்தில் ஒரு கிளையை நட்டுவைப்பது வழக்கம். ஹார்ட்விக் நட்ட கிளை ஒரு பிர்ச் மரத்தருகே இருந்தது. இம்கே நீளமான தோல்வாரை ஆஸ்டாவின் கழுத்துப் பட்டையில் மாட்டி, கிளையருகே கொண்டுபோய் விட்டாள். ஆஸ்டா முகர்ந்தது. சுற்றி வந்தது. நிமிர்ந்து இம்கேவைப் பார்த்தது. பிறகு வாரை இழுத்துக்கொண்டு இடப்பக்கமாக, அடுக்கிவைத்த பழைய மரக்கட்டைகளை நோக்கிப் போயிற்று.

"அது ராத்திரி போன பன்னி," என்றான் ஹார்ட்விக் பின்னாலிருந்து.

"இருக்கட்டும்."

"இம்கே, மான் அங்க நிக்கல."

"நாய்கிட்ட சொல்லு."

மனிதன் கண்ணில் மண்ணைத் தூவலாம். ஆஸ்டாவின் மூக்கு அதற்கெல்லாம் மசியாது. கட்டைகளுக்குப் பின்னால் அது நின்று, ஒரே இடத்தில் மூக்கை வைத்தபடி அசையாமல் இருந்தது. இம்கே மண்டியிட்டாள். பீச் மர இலைகளில் எச்சில் கலந்த ரத்தம் நூல் நூலாக ஒட்டியிருந்தது. இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு பல் இருந்தது. உடைந்த எலும்புத் துண்டு ஒன்று இன்னும் அதன் வேரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஈர மண்ணில் ஒரு பூட்ஸ் தடம். குதிகாலில் தேய்ந்த அந்தத் தடத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். நேற்றுச் சுட்டதுமே வந்து பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, வெளிச்சமிருக்கும்போது தேடிவிடலாம் என்று நினைக்காமல், அடையாளக் கிளையை வேறு இடத்தில் நட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அவள் பல்லை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஓட்ஃப்ரீட் எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

தாடை உடைந்த மான் உடனே சாவதில்லை. ஓடும், பார்க்கும், கேட்கும், மற்ற மான்களோடு சேர்ந்து நிற்கும். தின்ன மட்டும் முடியாது. முகத்துக்கு முன்னால் புல் இருக்க, பசியிலேயே நாள் நாளாய் வற்றிச் சாகும். வேட்டையில் நேரக்கூடியவற்றில் இதைவிடக் கேவலமான ஒன்றை இம்கே அறியமாட்டாள். காலில் அடிபட்டால் தடம் இருக்கும், வயிற்றில் பட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும். தாடை உடைந்தது மட்டும் முழு பலத்தோடு போய்க்கொண்டே இருக்கும். ரத்தமும் சீக்கிரம் நின்றுவிடும். இன்று கிடைக்காவிட்டால் அநேகமாக என்றைக்கும் கிடைக்காது.

"தலைக்கா குறி வெச்ச?"

ஹார்ட்விக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னத்தான் கேக்கறேன். தலைக்கா வெச்ச?"

"ஆமா," என்றான். "தலைக்குத்தான்."

ஓட்ஃப்ரீட் அவனைத் திரும்பிப் பார்த்தான். முப்பது வருடமாக ஹார்ட்விக் ஒவ்வொரு இலையுதிர் காலத்து விருந்திலும் கண்ணாடிக் குவளையைத் தட்டி எழுந்து நின்று பேசுவான். பேச்சு எப்போதும் ஒன்றுதான்: "முன்னங்காலுக்குப் பின்னால, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு எடம் இருக்கு. நுரையீரல், இதயம், எல்லாம் அங்கதான். அத விட்டுட்டு ஆடிட்டே இருக்கற தலையில கைப்பிடி அளவு எடத்தத் தேடறவன் வேட்டைக்காரன் இல்ல. சூதாடி." இளைஞர்கள் மேசைக்கடியில் ஒருவரையொருவர் உதைத்துக்கொள்வார்கள். ஆனால் கேட்டு நடந்தார்கள்.

"அடப்பாவி," என்றாள் இம்கே. "ஊருக்கெல்லாம் பாடம் சொல்லிட்டு நீ இதப் பண்ணியா? குண்டு பட்டு விலாக் கறி வீணாகக் கூடாதுன்னா? இல்ல இவன்கிட்ட சூரத்தனம் காட்டணும்னா?"

"பண்ணிட்டேன். திட்டறத அப்புறம் திட்டு. மானைத் தேடு."

"நீ கிளையை ஒழுங்கா நட்டிருந்தா இந்நேரம் பாதித் தூரம் போயிருப்பேன்."

ஓட்ஃப்ரீட்டை மேட்டுப் பாதையில் காவலுக்கு நிறுத்திவிட்டு, அண்ணனும் தங்கையும் நாயின் பின்னால் போனார்கள். அவள் கோபத்தில் வேகமாக நடந்தாள். அவன் பின்தங்கினான். வேண்டுமென்றே அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காலை முழுக்க ஆஸ்டா மூக்கைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. ரத்தம் சீக்கிரமே நின்றுபோனது. பிறகு நாய் ஒன்றுக்குத்தான் தெரியும் அந்த வழி. இரண்டு முறை அது தவறி, திரும்பி வந்து, மறுபடி பிடித்தது. ஒரு பெரணிப் புதரில் மான் படுத்த இடம் இருந்தது. அதற்கு அப்பால் காட்டு ராஸ்பெரிச் செடிகள். இம்கே அங்கே நின்றுவிட்டாள். இலைகளை மான் பற்றி இழுக்கப் பார்த்திருக்கிறது. கிழிந்த இலைகள் எச்சிலில் நனைந்து கீழே கிடந்தன. கொஞ்சம் தள்ளி இன்னொரு செடியிலும் முயன்றிருக்கிறது. அதற்கப்பால் இன்னொன்றிலும்.

ஹார்ட்விக் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். தரையைப் பார்த்தான்.

"பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"நல்லாப் பாத்துக்கோ."

சொன்னபிறகு அவளுக்கே கசந்தது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

மதியத்துக்குப் பின் முன்னால் கிளைகள் முறிந்தன. ஒரு நொடி சிவந்த உடல் தெரிந்து மறைந்தது. இம்கே வாரை அவிழ்த்துவிட்டாள். ஆஸ்டா குரைத்துக்கொண்டே சரிவில் பாய்ந்தது. குரைப்பு தூரமாகி, சன்னமாகி, பிறகு ஓரிடத்தில் நின்று அடித்தொண்டையில் ஒலித்தது. மானை மறித்துவிட்டது. கீழே ஓடையில்.

இருவரும் இறங்கினார்கள். இம்கே குறுக்கு வழி பிடித்தாள். கோபத்தில் எடுத்த முடிவு, சேற்றில் கொண்டுபோய் விட்டது. கால் புதைந்து குப்புற விழுந்தாள். எழுந்தபோது அவள் துப்பாக்கியின் குழாய் முனை சேற்றால் அடைத்துப்போயிருந்தது. அப்படியே சுட்டால் குழாய் வெடித்துவிடும். ஹார்ட்விக் அதற்குள் ஓடைக்கரையின் திறந்த பக்கத்துக்குப் போய்விட்டான். நெருங்கி வளர்ந்த ஊசியிலை மரக்கன்றுகளுக்கு இடையில் அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

"உனக்குத் தெரியுதா?" என்று கத்தினாள்.

"தெரியுது."

"அப்ப சுடு! நாய் விலகினதும் சுடு!"

குண்டுச் சத்தம் வரவில்லை. ஆஸ்டா குரைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் தெறித்தது.

"ஹார்ட்விக்! என்னத்துக்குக் காத்திருக்க? சுடுடா!"

ஒன்றும் வரவில்லை. கன்றுகளுக்கு அடியில் தவழ்ந்து, முகமெல்லாம் கீறலோடு அவள் வெளியே வந்தாள். அவன் கரையில் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி மடியில் கிடந்தது. வலது கை அதன்மேல் இருந்தது. அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. குளிரில் நடுங்குவதுபோல இல்லை. தானாக, நிதானமாக, அவனைக் கேட்காமலே ஆடியது.

ஓடை நடுவில் முழங்கால் தண்ணீரில் பிணைமான் நின்றது. வாயின் கீழ்ப்பாதி பக்கவாட்டில் தொங்கியது. நாக்கு வெளியே கிடந்தது. அது தலையைத் தாழ்த்தித் தண்ணீரில் வைத்து எடுத்தது. ஆஸ்டா அதன் முன்னங்காலுக்கு மிக அருகில் துள்ளிக்கொண்டிருந்தது.

"என்னால முடியாது," என்றான் ஹார்ட்விக். "நாய்மேல பட்டுடும். நீ சுடு."

அவள் அவன் மடியிலிருந்து துப்பாக்கியை எடுத்தாள். மரத்தில் தோளைச் சாய்த்தாள். காத்திருந்தாள். ஆஸ்டா மறுபக்கம் சுற்றிப் போனதும், முன்னங்காலுக்குப் பின்னால், அண்ணன் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்த இடத்தில் சுட்டாள். தொம்மென்று கேட்டது. மான் இரண்டு எட்டு வைத்து, கரையில் ஏறி, விழுந்தது.

ஆஸ்டா மானின் அருகே படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

"வசந்தத்துலேர்ந்து. மொதல்ல சூப் கரண்டி. அப்புறம் சட்டைப் பொத்தான். பரண்ல கட்டைமேல சாச்சு வெச்சா நின்னுடுதுன்னு நெனச்சேன். நேத்து நிக்கல."

"தலைக்குன்னு சொன்னியே?"

"குறி விலாவுக்குத்தான் வெச்சேன், இம்கே. விலாவுக்குத்தான்."

அவளுக்குப் புரிந்தது. திமிரில் சுட்டவன் என்றால் ஒரு வருடம் திட்டுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். கை ஆடுகிறவன் என்றால் துப்பாக்கியை வைத்துவிடத்தான் வேண்டும். அதனால் தன் பெயரையே சேற்றில் போட்டு மிதித்துக் காட்டியிருக்கிறான். முட்டாள். அவன்மேல் இரக்கம் வந்தது. செத்துக் கிடந்த மானைப் பார்த்ததும் கோபமும் வந்தது. இரண்டில் எது எதைத் தின்றது என்று அவளால் சொல்ல முடியாது.

ஹார்ட்விக் எழுந்து ஓக் மரத்திலிருந்து ஒரு சிறு கிளையை ஒடித்தான். விழுந்த மானின் வாயில் பச்சைக் கிளை ஒன்றை வைப்பது அவர்கள் வழக்கம். கடைசிக் கவளம் என்பார்கள். யாரும் அதை மறப்பதில்லை.

அவன் மண்டியிட்டு வாயில் வைத்தான். நிற்கவில்லை. விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தான். தாடை சரிந்து, கிளை மறுபடி புல்லில் விழுந்தது. மூன்றாவது முறை அவன் கை கிளையைப் பிடிக்கவே தடுமாறியது. ஒருநாள் முழுக்க ஒரு இலையைக்கூடத் தின்ன முடியாத வாய் அது. அவன் அழ ஆரம்பித்தான். சத்தமாக, வெட்கமில்லாமல் அழுதான்.

இம்கே எதிரே உட்கார்ந்தாள். உடைந்த தாடையை உள்ளங்கையில் ஏந்தி, இருக்க வேண்டிய இடத்தில் பொருத்திப் பிடித்தாள். "இப்ப வை," என்றாள்.

அவன் வைத்தான். அவர்கள் எழும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

பிறகு அவள் இன்னொரு கிளையைக் காயத்தில் தொட்டு, தொப்பிமேல் வைத்து அவனிடம் நீட்டினாள். முதல் குண்டு யாருடையதோ அவருக்குத்தான் அது சேரும். அதில் ஒரு துண்டை ஒடித்து, தேடிக் கண்டுபிடித்த நாய்க்குக் கொடுத்துவிட்டு, மீதியைத் தன் தொப்பியில் செருகிக்கொள்வார். ஹார்ட்விக் ஒடிக்கவில்லை. முழுக் கிளையையும் ஆஸ்டாவின் கழுத்துப் பட்டையில் செருகினான். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை, நேரம் ஆயிற்று. இம்கே உதவிக்குப் போகவில்லை. நாய் அசையாமல் நின்றது.

மேட்டுப் பாதையில் ஓட்ஃப்ரீட் காத்திருந்தான். நாயின் கழுத்தைப் பார்த்தான். ஹார்ட்விக்கின் தொப்பியைப் பார்த்தான்.

"என்னடா, தொப்பி மொட்டையா இருக்கு?"

"இருக்கட்டும்," என்றான் ஹார்ட்விக். "நான் தலைக்குக் குறி வெக்கல, ஓட்ஃப்ரீட். கை ஆடுது. இனி சுட மாட்டேன். விருந்துல நானே சொல்லிடறேன்."

ஓட்ஃப்ரீட் தன் குடுவையிலிருந்த காபியைக் கோப்பையில் ஊற்றினான். பாதிதான் ஊற்றினான், சிந்தாமலிருக்க. ஹார்ட்விக் அதை வாங்கிக்கொண்டான், முதல் முறையாக ஒற்றைக் கையால். அது ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டு அப்படியே குடித்தான்.

வண்டியருகே வந்ததும் இம்கே தோளிலிருந்து அவன் துப்பாக்கியைக் கழற்றி, குண்டுகளை எடுத்துவிட்டு, பழக்கத்தில் அவனிடம் நீட்டினாள்.

அவன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

"உன்னுதுல சேறு அடைச்சிருக்கு," என்றான். "இத நீயே வெச்சுக்கோ."