இ-பாஸ் இல்லாமல் வெளியே போன சிரிப்பு

ஊரடங்கின் இரண்டாவது மாதம் என் மகள் ஹேமப்ரியாவின் சிரிப்பு இ-பாஸ் இல்லாமல் வெளியே போய்ப் போலீஸில் மாட்டிக்கொண்டது. பதிமூன்று வயசுப் பிள்ளையின் சிரிப்பு பின்னே என்னதான் செய்யும்? வீட்டுக்குள் அதற்கு வேலையே இல்லை. பள்ளிக்கூடம் செல்போனுக்குள் வந்துவிட்டது. சிநேகிதிகள் எல்லாம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள்.

சிரிப்பு போனதிலிருந்து எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். ஆசையாக முட்டைப் பணியாரம் சுட்டு வைத்தேன். அதற்கும் "ம்"தான். சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே பிடித்து வைத்திருந்த பைக்குகளுக்கு நடுவே, ஊர்ப் பிள்ளைகளின் சிரிப்புகளையெல்லாம் உட்கார வைத்திருந்தார்கள். ஒன்றும் வாயைத் திறக்கவில்லை.

"இதுல உங்க பிள்ளையோடது எதும்மா?" என்றார் ஏட்டு.

"சிரிச்சாத்தானே சார் தெரியும்?"

"அப்போ சிரிக்க வச்சுக் கூட்டிட்டுப் போங்க. மாறிப் போச்சுன்னா எங்களுக்குத்தான் தலைவலி."

எனக்குத் தெரிந்த ஜோக்கையெல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரர் மாதிரி குறட்டை விட்டும் காட்டினேன். அசையவில்லை, கல்லுளிமங்கன்கள்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கைத் துடைக்க மாஸ்க்கை இறக்கினேன். ஏட்டு விசில் அடித்துவிட்டார்.

"மாஸ்க்கை இறக்கினா பத்துத் தோப்புக்கரணம். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

போட்டேன். பாதியிலேயே முட்டி மடக்கென்றது. எழ முடியாமல் பொத்தென்று மண்ணில் உட்கார்ந்தேன். ஒரு பைக்குக்குப் பின்னாலிருந்து 'கெக்கெக்கே' என்று ஒன்று வெடித்தது. நடுவில் மூச்சு வாங்கி, பன்றிக்குட்டி மாதிரி ஒரு உறுமல் வேறு.

"அதுதான் சார்! பெத்தவ விழுந்தா இப்படிச் சிரிக்கிறது என் பிள்ளையோடது மட்டும்தான்."

மஞ்சப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். ஹேமா வாங்கி மாட்டிக்கொண்டு, "என்னம்மா ஆச்சு?" என்றாள். எத்தனை நாள் கழித்து ஒரு கேள்வி! நடந்ததை விழுந்தே காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "இன்னொரு தடவை விழும்மா" என்றாள். விழுந்தேன். சந்தோஷத்தில் வலியே தெரியவில்லை.

மறுநாள் கலெக்டர் ஆபீஸிலிருந்து எனக்கு அத்தியாவசியப் பணியாளர் அட்டை வந்தது. தினமும் காலையில் பால் வண்டி போனதும் நான் போகிறேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டு வாசலில் எல்லாம் ஒரு தடவை விழுகிறேன். தெற்குத் தெருவில் மட்டும் மாடிப்படியிலிருந்து விழ வேண்டும். அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதிகம்.