உயர நாற்காலியின் ஜோடி

சேஷகிரிக்கு பில்லியர்ட்ஸ் ஆடத் தெரியாது. ஆனால் அந்த ஆட்ட அறையின் பழைய சாமான்கள் என்றால் உயிரையே விடுவார். மல்லேஸ்வரம் வீட்டு மாடியில் பெரிய மேசை, அதன்மேல் தொங்கும் ஆறு கூண்டு விளக்கு, பித்தளை முள் நகரும் தேக்கு ஸ்கோர் பலகை, கோல்கள் சாத்தும் ஸ்டாண்டு என்று ஒரு ராஜ்ஜியமே வைத்திருந்தார். குறை ஒன்றுதான். ஆட்டம் பார்ப்பவர்கள் மேசைக்கு மேலே தலை தெரிய உட்காரும் உயர நாற்காலி, அவரிடம் ஒற்றையாக இருந்தது.

பதினோரு வருஷம் தேடிய ஜோடி மர்பி டவுனில், ஓய்வுபெற்ற டீச்சர் ஆஞ்சலாவின் வீட்டில் அகப்பட்டது. ஏதோ ஒரு கிளப் கழித்துக்கட்டியதை, அங்கே வேலை பார்த்த அவருடைய அப்பா எப்போதோ தூக்கிவந்தாராம். கோலைச் சாய்த்து வைக்கக் கைப்பிடியில் வெட்டியிருந்த பள்ளத்தைத் தடவித் தடவிச் சொக்கிப்போனார் சேஷகிரி. ஏறி உட்கார்ந்து இறங்கும்போதுதான் முழங்கால் சுரீரென்றது. முகம் கோணிவிட்டது.

"இவ்ளோ ஆசைப்படுறீங்க, எடுத்துக்கோங்க சார். ஞாயித்துக்கிழமை வாங்க, துடைச்சி ரெடியா வைக்கிறேன்" என்றார் ஆஞ்சலா.

ஞாயிற்றுக்கிழமை ஆசையாகப் போய் நின்றார். நாற்காலி குள்ளமாகியிருந்தது.

"அன்னிக்கு இறங்கறப்ப கஷ்டப்பட்டீங்களே சார், பாத்தேன். அதான் கார்பெண்டர் ஓஸ்வால்டைக் கூப்பிட்டு அரை அடி கம்மி பண்ணச் சொன்னேன். ரெண்டு நாள் பொறுமையா ஒக்காந்து பண்ணாரு."

தொண்டைவரை வந்த கத்தலை விழுங்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். நாலு காலும் மயிரிழை பிசகவில்லை. கால் நுனிகளில் மாட்டியிருந்த பித்தளைக் குப்பிகளைக் கழற்றி, காலை அறுத்து இழைத்து, அதே குப்பிகளைத் திரும்ப மாட்டியிருந்தார் அந்த மனுஷர். பாலிஷ் நிறம்கூட மாறவில்லை. நாசம் பண்ணுவதையும் இவ்வளவு அழகாகப் பண்ண முடியுமா என்று அவருக்கு மலைப்பாக இருந்தது.

"பிரமாதமா பண்ணியிருக்கார்மா" என்றார். அது பொய்யில்லை.

மாடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டபோது அண்ணனும் தம்பியுமாக நின்றன. தம்பியில் உட்கார்ந்து பார்த்தார். மேசையின் பந்துகள் ஒன்றையொன்று மறைத்தன. ஆட்டம் பார்க்க லாயக்கில்லை.

மனைவி ஜெயலக்ஷ்மிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஏன்னா, நம்ம ஆசாரியை விட்டுக் காலுக்கு ஒட்டு போட்டுடலாமே? எல்லாம் பழையபடியே இருந்தாத்தானே உங்களுக்குத் தூக்கம் வரும்?"

சேஷகிரி உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டார்.

"தொடப்படாது ஜெயா. இந்த ரூம்ல இருக்கறதெல்லாம் எவனோ ஒரு துரைக்குப் பண்ணினது. இது ஒண்ணுதான் எனக்காகப் பண்ணினது."