திட்டுக்குப் போட்ட பாதை

1

என் தொடர்கதைக்காகப் பிணம் போட ஒரு குளம் தேடிப் போனபோதுதான் இந்தக் கதை கிடைத்தது. 2006 மார்ச், பெருமாநல்லூர் பக்கம். பிணம் போட மனம் வரவில்லை. குளத்தின் நடுவே ஒரு மண்திட்டு. அதில் ஆற்று ஆலாக்கள் முட்டையிட்டிருந்தன. அருகிவரும் பறவை. கூடெல்லாம் கட்டாது. வெறுந்தரையில் முட்டை வைக்கும், சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில்.

2

கீதாஞ்சலியின் செல்போன் அலறியது. நடுங்கும் விரல்களால்...

[வேண்டாம். அவள் விரல்கள் நடுங்குகிற ரகமில்லை.]

பனியன் கம்பெனியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்கும் விதிகளைக் கவனிப்பது அவள் வேலை. அந்தக் குளத்தைக் கம்பெனி பாதுகாக்கிறது என்று பையருக்கு எழுதியவளும் அவளே. அவர் வியாழக்கிழமை நேரில் பார்க்க வருகிறார். ஷூ நனையக்கூடாதே என்று கரையிலிருந்து திட்டுக்கு மண்பாதை போடச் சொன்னாள். திட்டில் போர்டும் வைத்தாள்: 'பறவைகளைத் தொந்தரவு செய்யாதீர்.'

புதன் காலை அந்தப் பாதை நெடுக நாய்களின் கால்தடம். திட்டில் உடைந்த முட்டை ஓடுகள்.

3

"பாதையை வெட்டி உட்ருங்க" என்றாள் பொக்லைன் ஓட்டும் முனீஸிடம். அவன் சாத்தூர்க்காரன்.

"நேத்துப் போடச் சொன்னீக, இன்னைக்கு வெட்டச் சொல்றீக. நாளைக்கு என்ன மேடம், பாலமா?"

"இன்னும் ஒம்போது முட்டை இருக்குதுங்க."

"மொதலாளிட்ட கேட்டீகளா?"

கேட்டாள். போனில் ஈஸ்வரமூர்த்தி நிதானமாகச் சொன்னார்: "ஒரு நாளைக்குத்தானுங்களே அம்மணி. வெள்ளிக்கிழமை வெட்டிக்கலாமுங்க. இன்னைக்கேதான் வெட்டோணும்னா, நாளையிலிருந்து நீங்க ஊட்டுல ரெஸ்ட் எடுத்துக்குங்க."*

* கொங்கு முதலாளி வேலையை விட்டுத் தூக்கும்போதும் '-ங்க' குறைவதில்லை.

4

முடிவு ஒன்று: பையர் கண்கலங்கிப் பாதையை வெட்டச் சொல்கிறார். [அடித்துவிட்டேன். அவர் வருவது நாளை.]

முடிவு இரண்டு: கீதாஞ்சலி தடியோடு காவல் நிற்கிறாள். [நாய்கள் ஏழு. தவிர, அவள் திட்டில் நின்றால் ஆலாக்கள் அடைகாக்க வராது. வெயிலில் முட்டை வெந்துவிடும்.]

முடிவு மூன்று: முனீஸ் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டான். இரும்புக் கை பாதைக்கு மேலே தூக்கி நிற்கிறது. "சொல்லுங்க மேடம்" என்கிறான்.

'வெட்டுங்க' என்று அவள் வாயில் ஒரு சொல்லை வைப்பது எனக்குச் சுலபம். வேலை போகப்போவது எனக்கல்லவே. வாரப் பத்திரிகைக்காரன் நான். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு வாரம் உங்களைக் காக்க வைத்தே பழகியவன்.

இம்முறை அது முடியாது. அந்தச் சொல்லை நீங்களே எழுதிவிடுங்கள். யோசிக்க நேரமில்லை, முன்னால் வரும் நாய் பாதையில் கால் வைத்துவிட்டது.