கொதிநீர்ச் சோதனை

சனிக்கிழமை காலை, ஆம்பூர் தோல் தொழிற்சாலையின் லேப்பில், கொதிக்கிற தண்ணீரில் தோல் துண்டைப் போட்ட கிறிஸ்டினாவின் மணிக்கட்டில் ஆவி அடித்தது. பத்து வருடமாக அடிக்கிற ஆவிதான். இன்றைக்கு மட்டும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். ஏழாம் பக்கம்.

'கேள்விக்கூடை' என்ற சிறுவர் பத்திரிகையை அவளே எழுதி, நகலெடுத்து, வீடு வீடாகக் கொடுக்கிறாள். பாதி ஓவியம், பாதி அறிவியல். இந்த மாதம் ஏழாம் பக்கத்தில் தன் வேலையையே எழுதிவிட்டாள். 'தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு துண்டைக் கொதிநீரில் போடுங்கள். சுருங்காவிட்டால் பதம் சரி.' பெரியவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி உண்டா? கிடையாது. நாளெல்லாம் கொதிநீரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது பச்சைத் தண்ணீர் மாதிரி. மூளையைக் கழற்றி எங்கே வைத்திருந்தாளோ.

நேற்று மாலை பன்னிரண்டு பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். ஆம்பூரில் தோல் துண்டுக்கா பஞ்சம்?

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். முதல் வீட்டில் பையன் ஏழாம் பக்கத்தை முகமூடியாக வெட்டி மாட்டியிருந்தான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இன்னொரு வீட்டில், "கேஸ் தீந்துபோச்சுக்கா, நாளைக்கு செய்றேன்" என்றாள் ஒரு சிறுமி. எல்லாரிடமும் பக்கத்தைக் கிழித்து வாங்கினாள். பதினோரு வீடு முடிந்தது.

பன்னிரண்டாவது வீடு சஹருடையது. பத்து வயது, பத்திரிகைக்கு மாதம் தவறாமல் கேள்வி எழுதி அனுப்புகிறவள்.

"அந்த சோதனைய செஞ்சியா?"

"இல்லக்கா."

கிறிஸ்டினாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். சஹர் இடது கையால் டம்ளரை நீட்டினாள். அந்த வீட்டில் யாரும் இடது கையால் எதையும் கொடுக்க மாட்டார்கள்.

"இன்னொரு கையக் காட்டு."

துப்பட்டாவை விலக்கினாள். புறங்கை முழுக்கச் சிவந்து கொப்பளித்திருந்தது. மேலே பேஸ்ட் பூசியிருந்தாள்.

"அம்மிகிட்ட சொல்லாதீங்கக்கா. புக்க நிறுத்திடுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா துண்டு சுருங்கவேயில்லக்கா" என்றாள். அதில் பெருமை இருந்தது.

மாடிப்படியில் சஹர் அம்மி என்று கூப்பிடும் அவள் அம்மா துணிகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். சும்மா இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது.

"அக்கா, சஹருக்கு கை வெந்துபோச்சு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் எழுதுனதப் பாத்துதான் செஞ்சிருக்கா. தப்பு என்னுது."

அம்மா துணிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். சஹர் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள். அலமாரியிலிருந்து ஒன்பது மாதப் பத்திரிகைகளையும் இடது கையால் அள்ளிக்கொண்டு வந்து, கிறிஸ்டினாவின் மடியில் வைத்தாள்.

"அம்மி கிழிக்கிறதுக்குள்ள நீங்களே எடுத்துட்டுப் போய்டுங்க."