மீசையில் ஸ்ட்ராபெரி

போன மாதம் ஊசியைக் கண்டதும் தர்மேந்திரன் அறுவைக் கூடத்து மேசையிலிருந்து குதித்து ஓடியவன். ஆஸ்பத்திரி அங்கியின் பின்முடிச்சு அவிழ்ந்து பறக்க, கார் நிறுத்தும் இடம் வரை போய்விட்டான். மனைவி புனிதாதான் சாரோங் கைலியைச் சுற்றி வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

இன்று அவளே மீண்டும் கொண்டுவந்து விட்டிருந்தாள். அவன் சுங்காய்த் தோட்டங்களில் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். சிலிபின் வட்டார உறுமி மேளக் குழுவில் முன்வரிசையில் நின்று அடிப்பவன். குடலிறக்க அறுவையை இனியும் தள்ளிப்போட்டால் குடல் சிக்கி உயிருக்கே ஆபத்தாகும் என்று அறுவை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மயக்க மருத்துவர் முகுந்தனுக்குப் பேச்சு கம்மி. வீட்டில் அவருடைய அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருவராகவே பேசிவிடுவார். முகுந்தன் தர்மேந்திரனின் கன்னங்களைப் பார்த்தார். இரு பக்கமும் சின்னத் தழும்பு. தைப்பூசம் தவறாமல் குனோங் சீரோ முருகன் கோயிலுக்கு வேல் குத்திக் காவடி எடுக்கிற ஆள்.

தாதி சரளாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“கன்னத்துல அம்மாம் பெரிய வேலு போகுது. இந்த ஊசிக்கா அண்ணே பயம்?”

“அது முருகன் குத்துறது லா. இது நீங்க குத்துறது.”

முகுந்தன் ஒரு வழி சொன்னார். பிள்ளைகளுக்குச் செய்வதுபோல முகமூடியில் மயக்க வாயுவை இழுத்துத் தூங்கிவிடலாம், ஊசியெல்லாம் அதற்குப் பிறகுதான். பிளாஸ்டிக் வாடை தெரியாமலிருக்க உள்ளே வாசனை எசென்ஸ் தடவுவார்கள். அன்று ஸ்ட்ராபெரி மட்டுமே மிச்சம். சாம்பிராணி இல்லையா என்று தர்மேந்திரன் கேட்டுப் பார்த்தான். இல்லை என்றானதும், குழுவில் எவனுக்கும் இது தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கினான். முகுந்தன் தலையாட்டினார்.

முகமூடி வைத்தாயிற்று. மூச்சோடு சுருங்கி விரிய வேண்டிய, முகமூடிக் குழாயில் மாட்டிய பை அசையவேயில்லை. ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். சரளா மழையைப் பற்றிப் பேசினாள், அவன் குழந்தைகளை விசாரித்தாள். ஒன்றும் எடுபடவில்லை. அவனது ஒரு கால் ஏற்கெனவே மேசைக்கு வெளியே தொங்கியது.

கூடத்தில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவியின் சத்தம் மட்டும் இருந்தது. அதைக் கேட்டபடியே முகுந்தனின் விரல்கள் மேசை விளிம்பில் தட்ட ஆரம்பித்தன. சிறு வயதில் மாடியில் நின்று கேட்ட ஊர்வலத்து உறுமி அடி.

தர்மேந்திரனின் கண்கள் மெல்லத் திரும்பின.

“தப்பு டாக்டர்,” என்றது முகமூடிக்குள்ளிருந்து குரல்.

“எங்க தப்பு?”

அவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, “டண்டக்கு டக்கு டண், டண்டக்கு டக்கு டண்,” என்று சொல்லிக் காட்டினான். பை சுருங்கி விரிந்தது. முகுந்தன் திருப்பித் தட்டினார். வேண்டுமென்றே தப்பாகத் தட்டவில்லை. அவருக்கு உண்மையிலேயே தாளம் வராது. மேளக்காரனால் அதைப் பொறுக்க முடியவில்லை. இன்னும் ஆழமாக இழுத்தான்.

“இல்ல லா… டண்டக்கு… டக்…”

கண் சொருகியது. சரளா வெளியே தொங்கிய காலை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு அவன் கையில் ஊசி ஏறியது. முருகனுக்குத் தெரிந்திருக்கலாம், அவனுக்குத் தெரியாது.

விழித்தபோது வயிறு கட்டோடு இருந்தது. அருகில் புனிதா. அவன் முதலில் தேடியது கால்மாட்டில் நின்ற டாக்டரை.

“கடைசி அடி இன்னும் சரியா வரல,” என்றான் குழறலாக.

புனிதா குனிந்து முகர்ந்தாள். “என்ன டாக்டர், இவரு மீசையில சின்னப்புள்ள மிட்டாய் வாசம் அடிக்குது?”

தர்மேந்திரன் கெஞ்சும் கண்ணோடு முகுந்தனைப் பார்த்தான். வாழ்நாள் முழுவதும் பழகிவைத்திருந்த மௌனம் அன்றுதான் முகுந்தனுக்கு வேலையில் உதவியது. அவர் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த சுண்ணாம்பு மலையை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புனிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஈரத்தாளை எடுத்து மீசையை அழுத்தித் துடைக்கத் தொடங்கினாள்.

“உறுமிக் குழு மச்சானுங்க எல்லாம் கீழ வந்து நிக்கிறானுங்க,” என்றாள். “ஆடாம இரு.”