நான்கு மூலையிலும் கறுப்பு

கிரேக்க நாட்டின் நவீன வரலாறு, கைத்தறித் துணிக்கு விற்பனை வரி, அருவிப் பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் தவளைக்குஞ்சின் வாய். இந்த மூன்றையும் ஒரே மாதத்தில் கரைத்துக் குடித்த மனுஷி தென்காசியில் நான் ஒருத்திதான். என் பெயர் சுகிர்தம். கோயில் பக்கத்துத் தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தேன். பெரிய படிப்புப் படிக்கிறவர்களின் ஆராய்ச்சியைத் தட்டிக் கொடுப்பதும் என் வேலை. படிக்கப் படிக்கக் கையெழுத்து மட்டும் ஏன் கோழி கிளறியது மாதிரி ஆகிறது என்று யாராவது ஆராய்ச்சி செய்தால், அதை இலவசமாகவே தட்டித் தருவேன்.

1959 ஜூலை. சாரல் நின்றபாடில்லை. வரிக்காரர் துல்கர்னைன், கடையநல்லூரில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தவளைக்காரி குழல்வாய்மொழி, குற்றாலத்தில் அறை எடுத்துக்கொண்டு, எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற இடத்தில் பாறையைத் தடவிக்கொண்டு நின்றவள். கிரேக்கக்காரர் நல்லதம்பி, வாசுதேவநல்லூர். ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மாதம் முடிவதற்குள் ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காவிட்டால் வேலை போய்விடும். சேர்ப்பதற்கு, அவருக்கு வழிகாட்டியான பேராசிரியர் சிவனணைந்தபெருமாள் கையெழுத்துப் போட வேண்டும். பேராசிரியர் விடுமுறைக்கு ஆலங்குளத்தில் சொந்த வீட்டுக்கு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை சென்னைக்குக் கிளம்பிவிடுவார்.

ஐந்தாம் அத்தியாயம்தான் பாக்கி. இருபத்திரண்டு பக்கம். கிரேக்கத்தின் முதல் ஆட்சித் தலைவர் கபோடிஸ்ட்ரியாஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் வாசலில் சுட்டுக் கொன்ற கதை. மூன்று பிரதி தட்டி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கையெழுத்துப் பிரதியையும் சேர்த்து, நானே தபாலில் போட்டேன். அவசரத்தில் கையைக் கழுவவில்லை. கார்பன் தாளைத் தொட்ட விரலால் பழுப்பு உறையை நான்கு மூலையிலும் அழுத்தி ஒட்டியிருக்கிறேன்.

கடிதத்தின் மூலையில் கறுப்பு இருந்தால் சாவுச் செய்தி. படித்த கையோடு வாசலிலேயே கிழித்துப் போட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன செய்ய?

திங்கட்கிழமை மத்தியானம் நல்லதம்பி ஆலங்குளத்திலிருந்து சொட்டச் சொட்ட நனைந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சார் கையெழுத்துப் போட்டாவளா?" என்றேன்.

"அத்தியாயமே இல்ல அக்கா. சாக்கடையில கெடக்கு."

பேராசிரியர் வெளியே போயிருந்த நேரத்தில் தபால் வந்திருக்கிறது. அவர் மனைவி உலகம்மை உறையைப் பார்த்ததுமே 'ஐயோ' என்று நெஞ்சில் கை வைத்துவிட்டார். எட்டாவது வரை இங்கிலீஷ் படித்தவர். முதல் பக்கத்தில் கொலை என்று இருந்தது, ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்? அத்தனையையும் சுக்குநூறாகக் கிழித்து ஓடுகிற மழைத்தண்ணீரில் போட்டுவிட்டுத் தலைமுழுகினார். வீடு திரும்பிய பேராசிரியரையும் வாசலில் நிறுத்தி இரண்டு குடம் ஊற்றிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"பேரு வாயில நுழையல. கோயில் நடையில வச்சுச் சுட்டுட்டானுவளாம், பாவம்."

"அது நடந்து நூத்தி இருவத்தெட்டு வருசமாச்சு," என்று பேராசிரியர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லதம்பியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். ஆறு மாதம் அடித்துத் திருத்தி எழுதியது. குறிப்புகள் வீட்டில் இருந்தன, வாக்கியங்கள் எங்கேயும் இல்லை. ஒரு மனுஷனின் பிழைப்பு என் பெருவிரலால் சாக்கடைக்குப் போயிருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில்தான் கார்பன் பெட்டியின் ஞாபகம் வந்தது. ஒரே கார்பனைப் போட்டுத் தேய்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. சேலையை முறைவைத்து உடுத்துவது போலப் பெட்டியிலிருக்கும் நூறு தாளையும் வரிசையாகப் போடுவேன், எல்லாம் சமமாகத் தேயட்டும் என்று. அந்தப் பெட்டி மூன்று சுற்று ஓடியிருந்தது. முதல் சுற்று தவளை, இரண்டாவது வரி, மூன்றாவது கிரேக்கம். எழுத்து விழுந்த இடத்தில் மை போயிருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். ஆனால் ஒவ்வொரு தாளிலும் மூன்று பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது.

மூன்று பேரையும் கூப்பிட்டனுப்பினேன். சுவரில் மாட்டியிருந்த என் ஹையர் கிரேடு சர்டிபிகேட்டின் கண்ணாடியைக் கழற்றி, அடியில் நூறு வாட்ஸ் பல்பை வைத்து, மேலே கார்பனை விரித்தேன். துல்கர்னைனும் குழல்வாய்மொழியும் தங்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

"நூல் சிட்டத்துக்கு வரி விலக்கு. இது என்னுது, தள்ளுங்க," என்பார் துல்கர்னைன்.

"கீழுதட்டுல அஞ்சு வரிசைப் பல்லு. என் குஞ்சு," என்பாள் குழல்வாய்மொழி.

மீதி இருப்பது கிரேக்கம். நல்லதம்பி அதைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தை முடிப்பார், நான் தட்டுவேன். இப்படி இரண்டு நாள். நடுவில் துல்கர்னைனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த ஊர்க் கொலையும் வரித் தகராறுலதான் ஆரம்பிச்சிருக்கு! ஏன்வே இத எங்கிட்ட முன்னாலயே சொல்லல?"

குழல்வாய்மொழி தன் தவளைக்குஞ்சுக்கு எந்த அரசாங்கமும் வரி போட்டதில்லை என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். ஆராய்ச்சிக்காரர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசிப் பக்கத்தின் கடைசி வாக்கியத்துக்கு வந்தோம். வரியும் போனது, தவளையும் போனது, மிச்சம் ஒன்றுமில்லை. அடிப்பக்கம் மை அப்படித் தேய்ந்திருந்தது. நல்லதம்பிக்கு என்ன எழுதி முடித்தோம் என்று ஞாபகமே வரவில்லை.

"அந்த மனுசன் சம்பளம்கூட வாங்கலைங்கீங்க. நாட்டுக்கு நல்லதுதான் செஞ்சிருக்காரு. பின்ன ஏன் சுட்டானுவ?" என்றேன்.

அவர் நிலப்பிரபுக்கள், அதிகாரக் குவிப்பு என்று அரைமணி நேரம் பேசினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எங்க அண்ணன் என்னைக் கேக்காம எனக்கு மாப்பிள்ள பாத்து நிச்சயம் பண்ணிட்டாவ. மாப்பிள்ள நல்ல மனுசன், குறையே சொல்ல முடியாது. நான் மாட்டேன்னுட்டேன். அண்ணன்கூட இன்னைக்கு வரைக்கும் பேச்சில்ல. கேக்காம செஞ்ச நல்லதை யாரும் மன்னிக்க மாட்டாவ தம்பி."

பிறகு நல்லதம்பி அதையே மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். நானும் தட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை நானும் அவரோடு ஆலங்குளம் பஸ் ஏறினேன். தப்பு என்னுடையது, மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும். இந்த முறை கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தேன். நான் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவள், இருந்தாலும் ஆபத்துக்குப் பாவமில்லை. உலகம்மை மூலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க," என்றார்.

பேராசிரியர் முதல் பக்கத்திலிருந்து படித்தார். கடைசிப் பக்கத்தில் பேனாவைத் திறந்தார்.

"இந்தக் கடைசி வாக்கியத்துல இருக்கிறதை நீ இதுக்கு முன்னால சொன்னதே இல்லையே. ரெண்டு வருசமா இதைத்தானடே உங்கிட்ட கேட்டேன். இப்பவாவது தோணுச்சே."

நல்லதம்பி வாயைத் திறந்தார். 'பேசாம இருங்க' என்று நான் கண்ணைக் காட்டினேன். அந்தப் பேனா முனைக்கும் தாளுக்கும் நடுவில்தான் அவருடைய வேலை இருந்தது.

"எனக்குத் தோணல சார். இந்த அக்கா சொன்னாவ."

பேராசிரியர் பேனாவை மூடினார்.

"அடுத்தவங்க சொன்னதை உன்னுதா எழுதி எங்கிட்ட கையெழுத்துக்குக் கொண்டாந்திருக்க."

"ஆமா சார். தப்புதான்."

"அப்ப அடிக்குறிப்பு எங்கடே?" என்று அதட்டினார். "யாரு சொன்னதுன்னு பேரைப் போடு. அதுக்கப்புறம் போடுதேன் கையெழுத்து."

உள்ளே ஒரு பழைய மிஷின் இருந்தது. என்னையே தட்டச் சொன்னார். பதினொரு வருஷத்தில் எத்தனையோ பேராசிரியர்களின் பெயரை, செத்துப்போன ஜெர்மன்காரர்களின் பெயரையெல்லாம் அடிக்குறிப்பில் தட்டியிருக்கிறேன், ஒரு எழுத்துப் பிசகியதில்லை. என் பெயரில் முதல் எழுத்திலேயே விரல் வழுக்கியது. அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். அதுவும் தப்பு. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. கண்ணீர் வந்ததால் எழுத்து தெரியவில்லை, அதுதான் காரணம்.