தாளில் வைத்த புள்ளி

பேப்பர்காரர் என்றதும், காலையில் சைக்கிளில் வந்து வாசலில் செய்தித்தாளை வீசிவிட்டுப் போகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பேப்பர்காரர் என்று பெயர் வைத்தது அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன். அந்தப் பெயர் ஒன்றுக்காகவே அவனைச் சும்மா விடக்கூடாது என்று இவர் கறுவிக்கொண்டிருந்தார். அப்புறம் அவன் செய்ததோ அதைவிடப் பெரிய காரியம்.

இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு, ஜியோகேஷிங். யாரோ ஒருவர் பாலத்தடியிலோ புதருக்குள்ளோ ஒரு டப்பாவை ஒளித்துவைப்பார். அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். சில பேர் நேராகப் போடாமல் விடுகதையாகப் போட்டு உயிரை வாங்குவார்கள். தேடிப் போய் டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். பரிசு, பதக்கம் எதுவும் கிடையாது. முதல் கையெழுத்து யாருடையது என்ற பெருமைதான். அதற்குத்தான் இத்தனை அடிபிடி.

இவர் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, காரின் முன் சீட்டில் பக்குவமாக வைத்துக்கொண்டு கிளம்புவார். பேப்பருக்கு சார்ஜ் இறங்காது, சிக்னல் போகாது என்பது இவர் கட்சி. சகலை ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜிபிஎஸ் கருவியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தான்.

"ஏண்ணே, இன்னமும் பேப்பரைத் தூக்கிக்கிட்டு அலையறீங்க? திரும்பி வரும்போது எடைக்குப் போட்டுடலாம்னா?"

மாமனார் வீட்டுக் கூடமே சிரிக்கும். இவரும் சிரித்துவைப்பார். வயிறு மட்டும் எரியும்.

பழைய கல்குவாரியில்தான் விஷயம் முற்றியது. அந்த விடுகதையோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டி, விடையைத் தாளின் மூலையில் எழுதிவைத்திருந்தார். போய் டப்பாவைத் திறந்தால், முதல் வரியில் சகலையின் கையெழுத்து. கூட்டல் கணக்குக்கே போனைத் தடவுகிற பயல் இந்த விடுகதையை அவிழ்த்தானாம்! முந்தின நாள் தாள் மாமனார் வீட்டு சோபாவில் கிடந்தது நினைவுக்கு வந்தது. போனில் படம் எடுத்திருக்கிறான், திருட்டுப் பயல்.

"அண்ணன் பேப்பரை மடிக்கறதுக்குள்ள என் டீம் கையெழுத்தே போட்டுடுச்சு" என்று அன்று சாயங்காலம் அளந்தான். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது இவருடைய மகள்தான், கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறவள். சிரித்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம், "நான் சித்தப்பாகூடப் போறேன்பா" என்று ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அன்று ரியர்வியூ கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் காலிப் பின் சீட்டுதான் தெரிந்தது. டப்பாவைப் பறித்தது போகட்டும், பெற்ற பெண்ணையும் அல்லவா பறித்துக்கொண்டான்! அவள் கண்ணெதிரிலேயே அவன் மூக்கை அறுக்க வேண்டும், அவளைத் திரும்பத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். அதுவரை சாப்பாடு ருசிக்காது என்று ஆகிவிட்டது.

அடுத்த விடுகதை வந்தது. விடையைக் கண்டுபிடித்து முடித்தார். இங்கேதான் அவர் தலையில் அந்த யோசனை உதித்தது.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணில் டிகிரிக்குப் பின்னால் வருவதை இரண்டு விதமாக எழுதலாம். இருபத்தொரு நிமிடம், நாற்பத்தைந்து விநாடி என்று எழுதுவது ஒன்று. நாற்பத்தைந்து விநாடி என்றால் முக்கால் நிமிடம் அல்லவா, அதனால் விநாடியே இல்லாமல், நிமிடத்துக்குப் பின்னால் தசமப் புள்ளி வைத்து 21.75 என்று எழுதுவது இன்னொன்று. இடம் ஒன்றேதான். இந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் இரண்டாவது விதத்தில்தான் எழுதுவார்கள், கருவியும் அதைத்தான் கேட்கும். விநாடி என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு மறந்துபோய்விட்டது. பேப்பர்காரர் விநாடியில் எழுதினார். 21, பக்கத்தில் 45. நடுவில் ஒரு சின்னப் புள்ளி. யாராவது கேட்டால், பேனா பட்டுவிட்டது என்று சாதிக்கலாம்.

21.45 என்று அடித்தால் கருவி அரை கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடும். எங்கே விடும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தார். ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து தேங்கும் கறுப்புச் சேறு. கரையிலிருந்து அதன் நடுவரை ஓர் உடைந்த குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதைவிட நல்ல இடத்தைக் கடவுளே நினைத்தாலும் தந்திருக்க முடியாது. குழாயின் வாயில் ஒரு டப்பாவைச் செருகினார். உள்ளே, கொட்டை எழுத்தில் பிரிண்ட் எடுத்த ஒரு தாள்:

"என் தாளைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்தவர் மட்டுமே இங்கே வந்து சேர முடியும். திருடரே, கீழே கையெழுத்துப் போடவும்."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது கவரை சோபாவில் போட்டுவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது கவர் தலைகீழாகக் கிடந்தது. பேப்பர்காரருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் காலை அந்தச் சேற்றோரம் இருந்த பம்ப் ஹவுஸ் சுவருக்குப் பின்னால் பதுங்கினார். நிஜ டப்பா பாலத்தடியில் இருந்தது, போனால் முதல் கையெழுத்து இவருடையதுதான். போகவில்லை. எவன் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், இந்தக் காட்சியை விடுவதாக இல்லை.

சகலையின் கார் வந்தது. மகளும் இறங்கினாள். கருவி அவள் கழுத்தில் தொங்கியது. அது இவர் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

"நேரா போங்க சித்தப்பா, இன்னும் கொஞ்சம்" என்று அவள் கரையிலிருந்து சொல்ல, அவன் நடந்தான். கணுக்கால் போனது. முழங்கால் போனது. ஒரு ஷூவைச் சேறு வாங்கி வைத்துக்கொண்டது. "ஐயோ, நாத்தம்!" என்று அவன் அலறியதும் இவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இத்தனை மாதத்தில் இப்படிச் சிரித்ததில்லை.

மகள் சுற்றிக்கொண்டு குழாயின் மேலேயே நடந்துபோய் டப்பாவை எடுத்தாள். தாளைப் பிரித்தாள். இனி என்ன பொறுமை? இவர் வெளியே வந்தார்.

"சத்தமாப் படிம்மா! உங்க சித்தப்பா காதுல நல்லா விழட்டும்."

அவள் படிக்கவில்லை. சகலைதான் சேற்றிலிருந்தே கேட்டான். "என்னண்ணே, நீங்க இங்க? என்ன எழுதியிருக்கு?"

"நீ திருடன்னு எழுதியிருக்கு. என் பேப்பரை நேத்து படம் எடுத்தியா இல்லையா? குவாரிக்கும் அப்படித்தானே வந்தே?"

"நானா?" அவன் முகத்தில் நடிப்பு இல்லை, சேறுதான் இருந்தது. "விடுகதையெல்லாம் எனக்கு எங்கண்ணே வருது? பாப்பாதான் விடை கண்டுபிடிக்குது. நம்பரும் அதுதான் அடிக்குது. உங்க மூளை அப்படியே வந்திருக்குன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டிருக்கேன்."

பேப்பர்காரர் மகளைப் பார்த்தார்.

"நான்தான்பா எடுத்தேன். ரெண்டு தடவையும்" என்றாள்.

"ஏம்மா?"

"எத்தனை வருஷம் உன்கூட வந்தேன்? முன் சீட்ல பேப்பர், பின் சீட்ல நான். ஒரு தடவை எடுத்துப் பாத்ததுக்கு, 'கசக்கிடுவே, கீழ வை'ன்னு கத்தினே. ஊர்ல இருக்கறவங்க கையிலெல்லாம் ஸ்டியரிங்கைக் குடுக்கறே. என் கையில ஒரு பேப்பரைக் குடுத்தியா? குவாரி விடுகதைக்கு நானே விடை கண்டுபிடிச்சேன்னு பொய்தான் சொன்னேன். சித்தப்பா அதை நம்பி, அன்னைக்கே இதைக் கழட்டி என் கழுத்துல போட்டாரு." கருவியைத் தொட்டுக்காட்டினாள். "நீ குவாரியிலேருந்து தொங்கின மூஞ்சியோட வந்தே பாரு, அதைப் பாக்கத்தான்பா எடுத்தேன். நல்லா இருந்துச்சு."

அவர் பெண்தான், சந்தேகமே இல்லை.

"நான் உன்னைத் திரும்பக் கூட்டிக்கிட்டு வரத்தான்..." என்று தொடங்கினார். சேறும் டப்பாவும் கொட்டை எழுத்தும் எதிரில் இருக்கும்போது அந்தப் பேச்சு அவருக்கே எடுபடவில்லை.

மகள் டப்பாவுக்குள் கிடந்த பேனாவை எடுத்தாள். தாளைக் குழாயின் மேல் வைத்து, 'திருடரே' என்று இருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். இறங்கி வந்து அதை அவரிடம் நீட்டினாள்.

"முதல் ஆள் நான்தான். இந்தா, கசங்காம வச்சுக்கோ."

சித்தப்பாவைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அவனுடைய காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கார் போனபிறகு பேப்பர்காரர் தாளைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் தன் பெயருக்கு முன்னால் எழுதிவந்த அவருடைய இனிஷியல் அதில் இல்லை. அதற்குப் பக்கத்தில் வைக்கிற புள்ளியும் இல்லை.